சுவர் இல்லாத தண்ணீர்: கேள்வி – பதில்

போன இதழில் நெடுந்தூரக் கடல் நீச்சலைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். பதிலுக்குக் கொல்லிமலையிலிருந்து ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. அதில் அந்த மலையின் ஊர்த் தொகுதிகளில் ஒன்றான எடப்புளி நாட்டுக் கடிதங்களே அதிகம். கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டர் மேலே இருக்கிறவர்கள் கடலைப் பற்றி இவ்வளவு ஆசையாகக் கேட்கும்போது, இந்த இதழ் முழுவதும் அவர்களுக்குத்தான்.

● பள்ளி மாணவர், எடப்புளி நாடு: நான் இன்னும் கடலையே பார்த்ததில்லை. மலையில் பிறந்த ஒருவன் பாக் நீரிணையை நீந்திக் கடக்க முடியுமா?

முடியும் கண்ணு. உங்கள் மலையிலிருந்து பார்த்தால் பக்கத்து ஊர்தான் ஈரோடு. அங்கேயும் கடல் கிடையாது. அந்த ஈரோட்டில் 1981-இல் பிறந்த குற்றாலீசுவரன் 1994-இல் பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். அப்போது அவருக்கு வயது 12. அதே ஆண்டில் ஆங்கிலக் கால்வாய் உட்பட ஆறு நீரிணைகளை முடித்தார். ஒரே ஆண்டில் ஐந்து என்று 1966-இல் மிகிர் சென் வைத்திருந்த சாதனையை ஈரோட்டுச் சிறுவன் தாண்டினான். அந்த மிகிர் சென்னும் கடலோரத்துக்காரர் இல்லை, வங்கத்தின் புருலியாவில் பிறந்தவர். கடலோரத்தில் பிறக்க வேண்டும் என்ற விதி எந்த நீரிணைக்கும் கிடையாது.

● கல்லூரி மாணவி, செம்மேடு: நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துகிறவர் கடலிலும் நீந்திவிட முடியாதா?

குளத்தில் 25 மீட்டருக்கு ஒருமுறை சுவர் வரும். கையை வைக்கலாம், காலால் உந்தலாம், இரண்டு நொடி மூச்சு வாங்கலாம். கடலில் அந்தச் சுவர் இல்லை. தரையில் வழிகாட்டும் கறுப்புக் கோடும் இல்லை. எட்டுப் பத்து வீச்சுக்கு ஒருமுறை முதலை மாதிரிக் கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி, எதிரே ஒரு கோபுரத்தையோ மரத்தையோ படகையோ குறி பார்த்துக்கொள்ள வேண்டும். குறி பார்க்காதவர் தான் நேராகப் போவதாக நினைத்துக்கொண்டே வளைந்து போவார். பயிற்சியில் முதலில் பிடிபட வேண்டியது இதுதான். அதன் பிறகு வருகிற ஒவ்வொரு பாடமும் அந்த இல்லாத சுவருக்கு எதை ஈடாக வைப்பது என்பதைப் பற்றியதே.

● இளைஞர், எடப்புளி நாடு: ஆகாய கங்கை அருவிக்குக் கீழே உள்ள தண்ணீரில் பயிற்சி செய்யலாமா?

கூடாது. அருவியின் அடியில் பாறையும் சுழலும் இருக்கும். மேலே எங்கோ பெய்த மழை, கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். வனத்துறை தடை போடும் நாட்களில் முணுமுணுக்காமல் திரும்பிவிடுங்கள். ஆனால் அருவிக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். காலுக்கும் நுரையீரலுக்கும் அதைவிட நல்ல பயிற்சிக்கூடம் சமவெளியில் கிடைக்காது. நீந்துவதற்கு நாமக்கல், சேலம், திருச்சி பக்கம் பயிற்சியாளர் இருக்கும் குளமாகப் பாருங்கள். ஆறு, ஏரி, கடல் எல்லாம் அதற்குப் பிறகு, துணைப் படகோடு.

● விவசாயி, எடப்புளி நாடு: எத்தனை மாதம் பயிற்சி எடுத்தால் கடலில் இறங்கலாம்?

மிளகுக் கொடியை சில்வர் ஓக்கில் ஏற்றிவிட்டு மறுமாதமே காய் பறிக்க முடியுமா? மூன்றாம் ஆண்டில்தானே முதல் காய்ப்பு வருகிறது? இதுவும் அப்படித்தான். முதலில் நிற்காமல் ஒரு கிலோமீட்டர். பிறகு மூன்று, ஐந்து, பத்து. வாரத்துக்கு ஒரு நீண்ட நீச்சல், மற்ற நாட்களில் சிறியவை. ஒரு நாளாவது முழு ஓய்வு. தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகவே கூட்ட வேண்டும். அவசரப்பட்டால் முதலில் பழுதாவது தோள்பட்டை. ஒரு மணி நேரத்தில் கை மூவாயிரம் தடவைக்கு மேல் சுழல்கிறது. கை வீச்சில் உள்ள சின்னப் பிழையும் மூவாயிரம் தடவை திரும்ப நடக்கிறது. அதனால் தூரத்தைக் கூட்டுவதற்கு முன் வீச்சைத் திருத்துங்கள்.

ஆங்கிலக் கால்வாயை நீந்த விரும்புகிறவர், 16 டிகிரி அல்லது அதற்கும் குளிர்ந்த தண்ணீரில் ஆறு மணி நேரம் நீந்திக் காட்டிய பிறகே அனுமதி பெறுவார். மற்ற நீரிணைகளுக்குப் போகிறவர்களும் அந்த ஆறு மணி நேரத்தை அளவுகோலாக வைத்துக்கொள்வது நல்லது.

● மூத்த வாசகர், அரியூர் நாடு: எங்கள் காலத்தில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிடுவார்கள். அதெல்லாம் இப்போது உதவுமா?

ஐயா, தள்ளிவிடுவதை மட்டும் விட்டுவிடுவோம். குடுக்கை இன்றும் உயிரோடு இருக்கிறது. திறந்த நீரில் பயிற்சி செய்கிறவர்கள் இடுப்பில் ஒரு கயிறு கட்டி, காற்றடைத்த ஆரஞ்சு நிற மிதவையைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறார்கள். படகுக்காரருக்குத் தூரத்திலிருந்தே தெரியும், களைத்தால் பிடித்துக்கொள்ளலாம். அது உங்கள் சுரைக்குடுக்கையின் பேரன்.

● கடைக்காரர், சோளக்காடு: பனிக்காலத்தில் எங்கள் ஊர்க் குளிரைத் தாங்குகிறோம். கடல் குளிர் எங்களை என்ன செய்யும்?

காற்றின் குளிர் வேறு, தண்ணீரின் குளிர் வேறு. ஒரே வெப்பநிலையில் காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுக்கும். ஆங்கிலக் கால்வாயில் கோடையிலேயே தண்ணீர் 15 முதல் 18 டிகிரிதான். அதற்குப் பழக ஒரே வழி, வாரக்கணக்கில் குளிர்ந்த நீரில் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவது. பேச்சு குழறுவது, வீச்சு எண்ணிக்கை குறைவது, கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் போவது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். அதனால்தான் படகில் இருப்பவர்கள் அடிக்கடி எளிய கேள்விகள் கேட்பார்கள். அம்மா பெயரைச் சொல்லத் தடுமாறினால் நீச்சலை நிறுத்திவிடுவார்கள்.

கரையேறிய பிறகும் சிறிது நேரம் உடல் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். ஈரத்தைத் துடைத்து, உலர்ந்த துணி சுற்றி, மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். உடனே கொதிக்கும் வெந்நீரில் குளிக்கவே கூடாது.

பாக் நீரிணையில் கதை தலைகீழ். அங்கே தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். எதிரிகள் வெயிலும் தாகமும்தான்.

● இல்லத்தரசி, எடப்புளி நாடு: பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நீந்துகிறார்களே, எப்படிச் சாப்பிடுவார்கள்?

நீந்தியபடிதான். படகைத் தொட்டால் நீச்சல் செல்லாது. ஆகவே கயிற்றில் கட்டிய பாட்டிலையோ, நீளக் கழியின் நுனியில் வைத்த குவளையையோ நீட்டுவார்கள். மல்லாந்து மிதந்தபடி குடித்துவிட்டு, அரை நிமிடத்துக்குள் மறுபடி கை வீச வேண்டும். பெரும்பாலும் அரை மணிக்கு ஒருமுறை நீர்த்த ஆகாரம், இடையிடையே மசித்த வாழைப்பழம் போல மெல்லாமல் விழுங்கக்கூடிய ஏதாவது. உங்கள் சாமைக் கஞ்சியை நன்றாக வடித்துத் தேன் கலந்து கொடுத்தாலும் போகும்.

நான் நீண்ட நீச்சல் பழகிய நாட்களில் பசிக்கிறபோது குடிக்கலாம் என்று இருந்துவிட்டேன். மூன்றாவது மணியில் கை ஈயம் மாதிரிக் கனத்தது. அதற்குப் பிறகு என்ன குடித்தும் கை மீளவில்லை. பசி தெரிகிறபோது நேரம் கடந்துவிட்டது என்பதை அன்று கற்றேன். கடிகாரம் சொல்லும்போது குடிக்க வேண்டும். எதைக் குடிக்கப் போகிறோமோ அதைப் பயிற்சியிலேயே குடித்துப் பழக வேண்டும். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு நாக்கு தடித்துப் புண்ணாகும், குமட்டும். புதிய உணவைச் சோதிக்கக் கடல் இடம் இல்லை.

● மாணவர், வளப்பூர் நாடு: சுறா வருமா?

சுறாவைவிடச் சொறிக்குத் தயாராகுங்கள். ராமநாதபுரம் மீனவர்கள் ஜெல்லி மீனைச் சொறி என்பார்கள். பட்டால் சாட்டையடி போல எரியும். தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது, கடல் நீரால் கழுவ வேண்டும். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்தால் நீச்சல் அத்தோடு முடிந்தது. உடனே படகில் ஏற்றி மருத்துவரிடம் போக வேண்டும். அக்குளும் கழுத்தும் உப்பில் உரசிப் புண்ணாவதைத் தடுக்க, இறங்கும் முன்பே வாசலின் போன்ற களிம்பைத் தாராளமாகப் பூசிக்கொள்ளுங்கள்.

● ஓட்டுநர், காரவள்ளி: தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சுமார் முப்பது கிலோமீட்டர் என்கிறார்கள். நேராக நீந்தினால் தீர்ந்தது அல்லவா?

காரவள்ளியிலிருந்து மேலே வர நேராக ஓட்டிவிட முடிந்தால், எதற்கு 70 கொண்டை ஊசி வளைவுகள்? கடலிலும் வளைவு உண்டு, கண்ணுக்குத் தெரியாது. மீனவர்கள் அதை நீவாடு என்பார்கள், நீரோட்டம். அது பக்கவாட்டில் தள்ளத் தள்ள, நீந்துகிற தூரம் வரைபடத் தூரத்தைவிடக் கூடிவிடும். தனுஷ்கோடியின் அரிச்சல்முனையில் ஒருபக்கம் அமைதியான பெண் கடல், மறுபக்கம் முரட்டு ஆண் கடல். பாக் விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும் சந்திக்கும் அந்த முனையில் கடைசிக் கிலோமீட்டர்தான் முழு பலத்தையும் கேட்கும்.

அதனால்தான் வாடைக் காற்று அடங்கி, தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று கிளம்பாத மார்ச், ஏப்ரல் மாதங்களைப் பார்க்கிறார்கள். நள்ளிரவிலோ விடிவதற்கு முன்போ இறங்குவதும், காற்று எழுவதற்குள் பாதிக் கடலைத் தாண்டி, வெளிச்சத்தில் கரை சேரத்தான். ஆகவே இருட்டில் நீந்தியும் பழக வேண்டும். எந்த நேரத்தில் எந்தத் திசையில் போவது என்பதை, அந்தக் கடலில் வலை போட்டு வளர்ந்த மீனவரிடம் கேளுங்கள். அவர் சொல்கிற நேரத்துக்கு இறங்குங்கள்.

● ஆசிரியர், எடப்புளி நாடு: பாக் நீரிணையை முதலில் நீந்திய தமிழர் யார்?

வல்வெட்டித்துறைப் பக்கத்து நவரத்தினசாமி. 1954-இல் அங்கிருந்து கோடியக்கரைக்கு நீந்தினார். சுமார் 27 மணி நேரம். மிகிர் சென் நீந்தியது 1966 ஏப்ரலில், 25 மணி 36 நிமிடம். அவருக்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே ஒரு தமிழர் அந்தக் கடலை அளந்துவிட்டார். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் ஐயா.

● இளம்பெண், தேவனூர் நாடு: பாதியில் தோற்றுத் திரும்பினால் ஊர் சிரிக்குமே?

ஆரத்தி சாகாவைத் தெரிந்துகொள்ளுங்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நீந்தியபோது அவருக்கு வயது 11. 1959 ஆகஸ்ட் 27-இல் ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார். துணைப் படகு தாமதமாக வந்ததால், இறங்க வேண்டிய நேரம் தப்பியது. நேரம் தப்பினால் நீரோட்டம் எதிராகத் திரும்பும். கரைக்குச் சில மைல் இருக்கையில் கைவிட வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் 29-ஆம் தேதி மறுபடி இறங்கினார். 16 மணி 20 நிமிடத்தில் கடந்து, ஆங்கிலக் கால்வாயை நீந்திய முதல் ஆசியப் பெண் ஆனார். மறு ஆண்டு பத்மஸ்ரீ. முதல் தடவை அவர் வெளியே வராமல் பிடிவாதம் பிடித்திருந்தால் இரண்டாம் தடவை இருந்திருக்குமா? திரும்பி வரத் தெரிந்தவருக்குத்தான் மறுபடி போகும் வாய்ப்பு. ஊர் சிரித்தால் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

● தாய், எடப்புளி நாடு: பெண் பிள்ளையின் உடம்பு இதைத் தாங்குமா?

1926-இல் கெர்ட்ரூட் எடெர்லே ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அதற்கு முன் கடந்த ஐந்து ஆண்களையும்விட வேகமாக. 2004-இல் புலா சௌத்ரி தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்தார். தாங்குமா என்ற கேள்விக்குக் கடல் எப்போதோ பதில் சொல்லிவிட்டது அம்மா. மகளைக் குளத்துக்கு அனுப்புங்கள்.

● தந்தை, சேலூர் நாடு: எங்கள் மகனுக்கு ஆட்டிசம். தண்ணீர் என்றால் உயிர். நீச்சல் கற்றுக்கொடுக்கலாமா?

கட்டாயம். ஆட்டிசம் உள்ள ஜியா ராய் 2022 மார்ச் 20 அன்று தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனைக்கு 13 மணி 10 நிமிடத்தில் நீந்தினார். அப்போது அவருக்கு வயது 13. உங்கள் மகன் கடலைக் கடக்க வேண்டியதில்லை. தண்ணீரை நேசிக்கும் பிள்ளைக்கு, தண்ணீரில் பிழைக்கத் தெரிந்திருக்க வேண்டும். பொறுமையான ஒரு பயிற்சியாளர், ஒரே நேரம், ஒரே இடம், பக்கத்தில் நீங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

● இளைஞர், குண்டூர் நாடு: தண்ணீருக்கு அடியில் தம் கட்டிப் பழகினால் மூச்சு பலப்படும் என்கிறார் நண்பர்.

அந்த நண்பரையும் தடுத்து நிறுத்துங்கள். வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டு உள்நீச்சல் போகிறவருக்கு, மூச்சு முட்டும் உணர்வு வருவதற்கு முன்பே நினைவு தப்பிவிடலாம். சத்தமே இல்லாமல் மூழ்குவார். நெடுந்தூர நீச்சலுக்குத் தம் கட்டும் திறமை தேவையே இல்லை. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சைத் தொடர்ந்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், முகம் திரும்பும்போது இழுக்க வேண்டும். இருபுறமும் திரும்பி மூச்செடுக்கப் பழகுங்கள். ஒருபக்கம் அலை அடித்தால் மறுபக்கம் காற்று இருக்கும்.

● பேருந்து நடத்துநர், செம்மேடு: பதின்மூன்று மணி நேரம் மனதுக்குள் என்ன ஓடும்?

எழுபது வளைவையும் மனதில் சுமந்துகொண்டு ஏறும் ஓட்டுநரை நீங்கள் பார்த்ததுண்டா? அவர் கண் அடுத்த வளைவில் மட்டும்தான். நீந்துகிறவருக்கு அடுத்த வளைவு, அடுத்த அரை மணிக் குவளை. கரையைப் பார்க்கக் கூடாது. கடலில் கரை பார்க்கப் பார்க்க அதே தூரத்தில்தான் நிற்கும், மனம் உடைந்துபோகும். வீச்சை எண்ணுங்கள், நூறு வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. ஐந்தாவது, ஆறாவது மணியில் எல்லாருக்கும் ஒரு கெட்ட நேரம் வரலாம். அது கடந்து போகும் என்று ஒருமுறை பயிற்சியில் கண்டுவிட்டால், மறுமுறை அதை நம்பிக் காத்திருக்க முடியும். நீண்ட பயிற்சியின் உண்மையான பயன் அதுதான்.

● கல்லூரி மாணவர், எடப்புளி நாடு: இதில் உயிர் போகும் ஆபத்து உண்டா? உண்மையைச் சொல்லுங்கள்.

உண்டு. வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் பாக் நீரிணையை ஒரே மூச்சில் போய்த் திரும்பியவர். 51 மணி நேரம். உலகமே அறிந்த அந்த வீரர் 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரிழந்தார். அவரை நினைக்கும்போதெல்லாம் தலை வணங்குகிறேன். கடலுக்கு யார் பெயரும் தெரியாது என்பதையும் அப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே ஒரு விதி. எப்போது நிறுத்துவது என்பதைக் கரையிலேயே பேசி எழுதி வைத்துவிட வேண்டும். கடலில் அந்த முடிவு படகில் இருப்பவருடையது, நீந்துகிறவருடையது அல்ல. களைத்த மூளை தன் களைப்பை அறியாது. "வெளியே வா" என்று படகு சொன்னால் அந்த நொடியே வர வேண்டும்.

● சுயஉதவிக் குழு உறுப்பினர், எடப்புளி நாடு: அப்படியானால் இது தனி ஆள் விளையாட்டு இல்லையா?

தண்ணீரில் தெரிவது ஒரு தலைதான். பின்னால் பயிற்சியாளர், படகோட்டி, மருத்துவர், நேரம் குறிக்கும் பார்வையாளர், கஞ்சி கலக்கிக் கொடுக்கும் கை, இந்திய இலங்கை அரசுகள் இரண்டிடமும் அனுமதி வாங்க அலைந்த கால்கள். கடலில் சுவர் இல்லை என்று முதலில் சொன்னேன் அல்லவா? இவர்கள்தான் அந்தச் சுவர். படகைத் தொடக் கூடாது, ஆனால் படகு பக்கத்தில் இருக்கிறது என்ற தெம்பில்தான் ஒவ்வொரு வீச்சும். உங்கள் குழுவில் ஒருவர் கடன் கட்டத் தடுமாறினால் மற்றவர்கள் சேர்ந்து தாங்குகிறீர்களே, அதே கணக்கு.

● ஊர்ப் பெரியவர், எடப்புளி நாடு: எல்லாம் சரி. எங்கள் நாட்டிலிருந்து ஒரு கடல் வீரர் வர நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

வீரரைப் பிறகு பார்ப்போம் ஐயா. முதலில் ஓடை, தடுப்பணை, கிணறு, பாறைக் குட்டைப் பக்கம் விளையாடும் அத்தனை பிள்ளைகளுக்கும் மூன்று காரியம் தெரியட்டும். மல்லாந்து மிதக்க, தண்ணீரில் நின்ற இடத்திலேயே காலடித்து நிற்க, பதறாமல் கரைக்குத் திரும்ப. நான்காவதாக ஒன்று, பெரியவர்களுக்கும் சேர்த்து: மூழ்குகிறவரைக் காப்பாற்ற, நீச்சல் தெரியாமல் குதிக்காதீர்கள். கயிறு, மூங்கில், புடவை, மூடிய காலிக் குடம், கையில் கிடைத்ததை வீசுங்கள். ஒருவர் போன இடத்தில் மூவர் போன சோகத்தை நம் ஊர்கள் போதுமான அளவு பார்த்துவிட்டன.

வரும் கோடை விடுமுறையில், கிராம சபையில் இதை ஒரு கோரிக்கையாக வையுங்கள். பிள்ளைகளை வாரம் ஒருநாள் மலையிறக்கி, பயிற்சியாளர் இருக்கும் குளத்துக்குக் கூட்டிப்போக ஒரு வண்டி. அதுதான் முதல் படி. நூறு பிள்ளைகள் மிதக்கக் கற்றுக்கொண்டால், அதில் ஒன்று தானாகவே கடலைத் தேடிப் போகும். மற்ற தொண்ணூற்றொன்பதும் வீடு திரும்பும்.